உல்கும் காவலும்

வரி தவிர்த்த அரசனை வரலாறு மறப்பதில்லை. வழியைக் காத்தவனுக்கு அப்படியொரு பட்டம் வாய்ப்பதில்லை. முதற் குலோத்துங்கனுக்கு (கி.பி. 1070 - 1122) வழங்கும் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்னும் பெயரைப் படிக்கும்போதெல்லாம், தவிர்க்கப்பட்ட அந்தச் சுங்கம் அதுவரை எதற்குப் பயன்பட்டது என்ற வினா நம்முள் எழுகிறது.

சுங்கத்தின் பழம்பெயர் உல்கு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தம் இரு பாட்டுகளிலும் அதைக் காட்டுகிறார். பட்டினப்பாலையில் வருவது துறைமுகத்து உல்கு. புகாரில் பண்டங்கள் அளவின்றிக் குவிந்து கிடக்க, சுங்கம் கொள்வோர் சோர்வின்றித் தொழில் புரிகின்றனர். பொதிகளில் புலி இலச்சினை பொறிக்கப்படுகிறது. பெரும்பாணாற்றுப்படையில் வருவது பெருவழி உல்கு. மிளகுப் பொதி சுமந்த கழுதைகளோடு வணிகச் சாத்து செல்கிறது. வழி பிரியும் இடங்களில் வில்வீரர் காவல் இருக்கின்றனர். வழிப்போவாரைத் தாக்கிப் பொருள் பறிப்போர் இளந்திரையன் நாட்டில் இல்லை என்று முன்னரே பாணனுக்குச் சொல்லிவிட்ட புலவர், அது எவ்வாறு இயலுகிறது என்பதை இங்கே காட்டிவிடுகிறார். உல்கையும் காவலையும் அவர் ஒரே மூச்சில் சொல்வது நோக்கத்தக்கது. வணிகன் கொடுத்ததன் பயன் அவன் கண்ணெதிரே வில்லோடு நிற்கிறது.

சோழர் காலக் கல்வெட்டுகளில் காவலுக்கென்றே 'பாடிகாவல்' என்னும் தனி வரி உண்டு. ஊர்க்காவலின் பொருட்டு ஊரார் இறுப்பது அது. குலோத்துங்கன் சுங்கம் தவிர்த்த பின்னும் பாடிகாவல் மறையவில்லை. வணிகன் தோளிலிருந்து ஒரு சுமை இறங்கியது. உழவன் தோளில் இருந்தது அங்கேயே இருந்தது. முன்னதை ஒட்டக்கூத்தர் பாடினார். பின்னதைச் சொல்லக் கல்வெட்டுகள் மட்டுமே உள்ளன.

பேரரசு தளர்ந்த பின்னர், புதுக்கோட்டை வட்டாரத்தில் ஊரார் தாமே கூடிப் பாடிகாவல் உரிமையை அரையர்களுக்கு எழுதிக் கொடுத்த செய்திகளைக் காண்கிறோம். காவலுக்கு ஈடாக அரையர்க்கு விளைச்சலில் பங்கு. பாளையக்காரர் காலத்தில் ஊரளவில் ஸ்தலக்காவல், வழிகளையும் வட்டாரத்தையும் தழுவிய தேசக்காவல் என இது விரிந்தது. களவுபோன பொருளைக் காவற்காரன் மீட்டுத் தரவேண்டும். இயலாவிடில் அதன் விலையை ஈடு செய்யவேண்டும் என்பது மரபு. இன்றைய காவல்துறை எதிலும் இல்லாத கண்டிப்பு அது! ஆயினும் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் காவற்பணம் மிரட்டிப் பெறும் பணமாகிவிட்டதெனக் கும்பினி அதிகாரிகள் எழுதினர். அந்தப் பணத்தின் மீது கண் வைத்திருந்தவர்களின் கூற்று என்பதால் அதை அப்படியே ஏற்கவேண்டியதில்லை. எனினும், மறுக்க முடியாத காவலன் பாதி கள்வனே என்பதையும் நாம் மறுப்பதற்கில்லை.

1801ஆம் ஆண்டுப் போருக்குப் பின் பாளையங்களோடு அவற்றின் காவல் அதிகாரமும் ஒழிந்தது. 1844இல் சென்னை மாகாணத்தில் உள்நாட்டுச் சுங்கம் நீக்கப்பட்டது. ஆனால் 1865ஆம் ஆண்டின் நகர மேம்பாட்டுச் சட்டம் வீட்டுக்கும் தொழிலுக்கும் வண்டிக்கும் வரி விதித்து, தெருக்களைச் செப்பனிடும் பொறுப்போடு காவலர் செலவில் பெரும்பகுதியையும் நகரங்களின் மீதே சுமத்தியது. பாடிகாவல் பெயர் மாறித் திரும்பியது எனலாம். ஒரே வேறுபாடு: புதுக்கோட்டை ஊரார் தாமே கூடி முடிவு செய்தனர், 1865இன் நகரத்தாரை எவரும் கேட்கவில்லை. காவற்செலவு 1871ஆம் ஆண்டுச் சட்டத்தால் நகரங்களிடமிருந்து விலக்கப்பட்டது.

வரி ஒன்று நீங்கும்போது அது செய்த பணி நீங்குவதில்லை. வேறொருவர் தலையில் அது ஏறுகிறது. ஆகவே எவ்வளவு வாங்கினார்கள் என்பதோடு நம் கேள்வி நின்றுவிடலாகாது. கொடுத்தவனைக் கேட்டார்களா, கொடுத்தது அவன் நடக்கும் வழியில் வந்து நின்றதா என்னும் இரண்டையும் சேர்த்தே கேட்கவேண்டும். உருத்திரங்கண்ணனார் காட்டிய கவர்வழியில் இரண்டாவது கேள்விக்கு விடை இருந்தது. சுங்கச்சாவடிகளில் பணம் கட்டிச் செல்லும் நாமும் அந்த வில்வீரனைத் தேடுவது தவறாகாது.