சொட்டு

திருத்தணி, சித்தூர், புத்தூர்ப் பக்கத்து ஆஸ்பத்திரி வார்டுகளில் தமிழும் தெலுங்கும் அடுத்தடுத்த கட்டிலில் இருக்கும். 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணி ஆந்திரத்தில் இருந்த ஊர். தமிழர் “குளுக்கோஸ் ஏத்துறாங்க” என்பார். தெலுங்கர் சொல்லும் ‘எக்கிஞ்சு’வுக்கும் ஏற்றுவது என்றே பொருள். மருந்து கீழே இறங்கும்போது ஏற்றுவது எப்படி? வண்டியில் சரக்கு ஏற்றுகிறோமே, அந்த ‘ஏற்று’தான் இது: உள்ளே சேர்ப்பது.

நர்ஸ் எண்ணுவது சொட்டை. ‘சொட்டு’ வினையாகவும் பெயராகவும் நிற்கும் சொல். துளி எங்கேயும் தங்கி நிற்கலாம், இலை மேலும் நிற்கும். சொட்டு என்றால் விழவேண்டும். எண்ணுவதற்கு வசதியானது அதுவே.

ஆனால் சொட்டுக்கு நிலையான அளவு இல்லை. அளவைத் தருவது குழாய். வழக்கமான டிரிப் செட் பலவற்றில் 20 சொட்டு ஒரு மில்லி. குழந்தைகளுக்கான மைக்ரோ செட்டில் 60 சொட்டு. 500 மில்லி சலைன் 4 மணி நேரத்தில் ஏற வேண்டுமா? 500ஐ 20ஆல் பெருக்கி, 240 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. கைக்கடிகாரத்தைச் சொட்டு விழும் சொட்டறைக்கு அருகில் பிடித்து, குழாயில் உள்ள உருளையை மெல்ல நகர்த்தி அந்த எண்ணுக்குக் கொண்டுவருவார்கள். மைக்ரோ செட்டில் கணக்கே வேண்டாம்: மணிக்கு எத்தனை மில்லியோ, நிமிடத்துக்கு அத்தனை சொட்டு.

“சிஸ்டர், மெதுவா ஓடுது” என்று சொல்லலாம், சொல்லவும் வேண்டும். உருளையை மட்டும் உறவினர் தொடக்கூடாது. பொட்டாசியம் கலந்த பாட்டில் வேகமாக ஓடினால் இதயமே நின்றுவிடக்கூடும்.