பனையும் கண்ணீரும்: தொலைக்காட்சியில் யாழ்ப்பாணம் பெற்ற வார்ப்புகள்

1. வார்ப்பு என்பது

ஓர் ஊரை நேரில் அறியுமுன்பே அதைப் பற்றி மனத்தில் ஆயத்தமாக இருக்கும் படத்தை இக்கட்டுரை வார்ப்பு என்கிறது. அமெரிக்க இதழாளர் வால்டர் லிப்மன் 1922இல் இதை விளக்கியபோது தொலைக்காட்சி வந்திருக்கவில்லை. வார்ப்பு பொய்யாக இருக்கவேண்டும் என்பதில்லை. யாழ்ப்பாணத்தில் பனை நிற்கிறது, போர் நடந்தது, சனங்கள் அழுதார்கள். ஓர் உண்மையைத் திரும்பத் திரும்பக் காட்டி மற்றவற்றுக்கு இடமில்லாமற் செய்வதுதான் அதன் வேலை.

2. பார்க்க முடியாதவர்களின் படம்

ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு தமிழருக்கு எதிரான கறுப்பு ஜூலை வன்முறை. நாட்டின் தொலைக்காட்சி வளர்ந்த காலமும் போர் வளர்ந்த காலமும் ஒன்றே. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் பல ஆண்டுகள் மின்சாரம் இல்லை. பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. யாழ்ப்பாணத்தைப் பற்றிய படம் கொழும்பிலும் சென்னையிலும் லண்டனிலும் இறுகிப்போன அந்த ஆண்டுகளில், அதைப் பார்த்து ‘இது நாங்கள் இல்லை’ என்று மறுக்க எங்கள் சனத்துக்கு வழி இருக்கவில்லை. வார்ப்பு இவ்வளவு உறுதியாக நிலைத்ததற்கு இதையே முதற்காரணமாகக் கொள்கிறேன்.

அந்த இடைவெளி விட்ட இடத்தில் பின்னர் இரண்டு உருவங்கள் நிலைபெற்றன. ஒன்று, அஞ்சி நடுங்கும் அகதி. கமல்ஹாசன் நடித்த ‘தெனாலி’ (2000) திரைப்படம்தான். ஆனால் அதை வீடுவீடாகக் கொண்டுபோனது தொலைக்காட்சி. போர் தந்த மனவடு அதில் எல்லாவற்றுக்கும் பயப்படும் நகைச்சுவையாகிறது. யாழ்ப்பாணப் பேச்சும் அந்தச் சிரிப்போடு ஒட்டிக்கொண்டது. மற்றது, சிரிப்பே இல்லாத ஆயுததாரி. ‘தி ஃபேமிலி மேன்’ இரண்டாம் பருவம் 2021 ஜூன் 4இல் அமேசான் பிரைமில் வெளியானது. சமந்தா நடித்த ராஜி என்ற இலங்கைத் தமிழ்ப் போராளிக்காக அவருடைய தோல் ஒப்பனையால் கறுப்பாக்கப்பட்டது. முன்னோட்டம் வந்ததுமே, தொடரைத் தடைசெய்யும்படி தமிழ்நாடு அரசு ஒன்றிய அரசுக்கு எழுதியது. நான் தடையை ஆதரிக்கவில்லை. ஆனால் அந்தக் கறுப்பு மை யாருக்காகப் பூசப்பட்டது என்ற கேள்வி நியாயமானது.

2011 ஜூன் 14இல் பிரித்தானியாவின் சனல் 4 ஒளிபரப்பிய ‘இலங்கையின் கொலைக்களங்கள்’ ஆவணப்படத்தை இவற்றோடு சேர்க்கக்கூடாது. அது சாட்சியம். வார்ப்பு என்று சொல்லி அதை ஒதுக்குவது இறந்தவர்களுக்குச் செய்யும் அநீதி.

3. சுற்றுலாக் கமரா

2014 ஒக்டோபரில் யாழ்தேவி ரயில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. கமராக்களும் வந்தன. நல்லூர்க் கோபுரம், நூலகத்தின் வெள்ளை முகப்பு, நெடுந்தீவுக் குதிரை, நண்டுக்கறி, அந்திவானில் பனை என்று வரிசை ஏறக்குறைய மாறுவதேயில்லை. இதில் கெட்ட எண்ணம் தேடவேண்டாம். சில நாள் படப்பிடிப்பு, வாகனச் சாரதிக்குப் பழகிய பாதை, பார்வையாளர் உடனே அடையாளங் காணவேண்டிய தேவை ஆகிய மூன்றும் சேர்ந்தாலே இந்த வரிசை வந்துவிடும்.

பனையையே எடுத்துக்கொள்வோம். கமரா கீழே நின்று, வானத்துக்கு எதிரே ஒரு கரிய உருவம் ஏறுவதைக் காட்டும். காலிலே தளநார், இடுப்பிலே பாளைக்கத்தி, கையிலே முட்டி. அழகான காட்சிதான். ஆனால் முகம் தெரியாது. அந்த மனிதர் தன் கள்ளைக் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொடுக்கிறாரா, மழையில் வழுக்கும் மரத்தில் ஏற அவருக்குக் காப்புறுதி உண்டா, இத்தொழில் எந்தச் சாதியின் தலையில் கட்டப்பட்டது, அவருடைய மகன் ஏறுவானா என்று யாரும் கேட்பதில்லை. பக்கத்திலேயே வெங்காயமும் புகையிலையும் விளையும் செம்மண் தோட்டம். அங்கே இட்ட உரம் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, கிணற்று நீரில் நைத்திரேற்றைக் கூட்டுகிறது. கீரிமலைக் கேணியைக் காட்டும் கமரா இந்தக் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை.

4. போட்டி மேடை

சென்னைத் தொலைக்காட்சிகளின் பாட்டுப் போட்டிகள் வார்ப்புக்கு அன்பான முகம் தந்தன. 2015இல் விஜய் தொலைக்காட்சியின் ‘சூப்பர் சிங்கர் ஜூனியர்’ இறுதிப் போட்டியில் கனடாவில் வளர்ந்த ஜெசிக்கா, ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தின் இடப்பெயர்வுப் பாடலைப் பாடினார். பரிசாகக் கிடைத்த ஒரு கிலோ தங்கத்தைத் தாயில்லாத, தந்தையில்லாத பிள்ளைகளுக்குக் கொடுப்பதாக அறிவித்தார். அந்தப் பிள்ளையின் மனம் பெரிது. ஆயினும் சென்னையில் உருவான ஒரு திரைப்பாட்டு, கனடாவில் வளர்ந்த குரல் வழியாக, ஈழத்தின் குரலாகவே ஏற்கப்பட்டதை ஆய்வாளர் கடந்துபோக முடியாது.

2023 டிசம்பரில் ஜீ தமிழின் ‘சரிகமப லில் சாம்ப்ஸ்’ பட்டத்தை யாழ்ப்பாணத்துக் கில்மிஷா வென்றார். அதே மேடையில் மலையகத்து அசானியும் பாடினார். ஒருவருடைய பின்னணியில் போர். மற்றவருடையதில் தேயிலைத் தோட்டமும், 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட ஒரு சமூகமும். ‘இலங்கைப் பிள்ளைகள்’ என்ற ஒரே அடைமொழிக்குள் இரண்டு வரலாறுகளும் கரைந்துபோகின்றன. பேச்சுக்கும் இதே கதி. வடமராட்சி, தீவகம், மட்டக்களப்பு, மலையகம் எல்லாம் ‘கொஞ்சும் இலங்கைத் தமிழ்’ ஆகிவிடுகின்றன. எங்கள் வானொலிக் கலைஞர்கள் இந்தப் பேச்சு வேறுபாடுகளைச் சரியாகக் கையாண்டவர்கள். அவர்கள் நடித்த ‘கோமாளிகள்’ (1976) படத்தில் மரிக்காரும் அப்புக்குட்டியும் உபாலியும் ஆளுக்கொரு தமிழ் பேசியதே நகைச்சுவைக்கு அடித்தளம். அவர்களும் வகைமாதிரிகள்தாம், ஆனால் பலர்.

5. நாங்கள் மறைப்பவை

குற்றம் வெளியாருடையது மட்டுமல்ல. 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு வெளியேற இரண்டு மணி நேரமே விடுதலைப் புலிகள் கொடுத்தார்கள். சோனகதெருவும் ஒஸ்மானியாக் கல்லூரியும் இல்லாத யாழ்ப்பாணப் படத்தைப் பார்த்து எங்களில் எத்தனை பேர் குறை சொல்கிறோம்? 1968இல் மாவிட்டபுரத்தில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டம் திருவிழா நேரலைகளின் வர்ணனையில் இடம்பெறுவதில்லை. சைவ வேளாள வீட்டு முற்றம் யாழ்ப்பாணமாகக் காட்டப்படும்போது எங்களுக்கு அது உறுத்துவதில்லை. அந்த வார்ப்பை நாங்கள் மனதார விரும்பியே ஏற்றுக்கொண்டோம்.

இதற்கு மாறான முன்னுதாரணத்தைத் தந்தவர் ஒரு சிங்கள இயக்குநர். யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக விரிவுரையாளராக இருந்த தர்மசேன பத்திராஜ, காவலூர் இராசதுரையின் எழுத்தை அடிப்படையாக வைத்து 1970களின் பிற்பகுதியில் ‘பொன்மணி’ திரைப்படத்தை எடுத்தார். சீதனமும் சாதியும் ஒரு குடும்பத்துப் பெண்களை என்ன செய்கின்றன என்பதே கதை. அவர் இங்கே வாழ்ந்து படிப்பித்தவர். எழுதியவர் இந்த மண்ணின் எழுத்தாளர். இன்றைய பயண நிகழ்ச்சிகளுக்கு இல்லாத அந்த இரண்டும் ‘பொன்மணி’க்கு இருந்தன.