கொரிந்துக் குதிரை

கிரேக்க நகரமான கொரிந்துக்கு வெள்ளிச் சுரங்கம் கிடையாது. இரண்டு கடல்களுக்கு நடுவே ஒரு குறுகலான நிலம், இரு பக்கமும் துறைமுகம், அவ்வளவுதான். சரக்கு போகும் வழியில் இருக்கிற ஊரில் பணம் புரளாமல் போகுமா? கி.மு. 6ஆம் நூற்றாண்டில், வெளியிலிருந்து வந்த வெள்ளியிலேயே சொந்தக் காசு அடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

முத்திரை பெகாசஸ். மெடூசா என்ற அரக்கியின் தலை வெட்டுப்பட்டபோது பிறந்த சிறகுக் குதிரை. ஊருக்குள் இருந்த பெய்ரேனே ஊற்றில் அது நீர் குடிக்கையில் பெல்லரோபோன் என்ற வீரன் கடிவாளம் மாட்டினான் என்று கதை. கடிவாளம் தந்தவள் அதீனா தேவி. முதல் காசுகளின் பின்பக்கம் வெறும் பள்ளம்தான். பிறகு தலைக்கவசம் அணிந்த அதீனா அங்கே இடம்பிடித்தாள்.

குதிரையின் வயிற்றடியில் ஒரு வட்டம், அதன்கீழ் சின்னக் கோடு. ஊர்ப்பெயரின் முதலெழுத்தான கோப்பா அது. கிரேக்கர்கள் எழுத்தில் அதைக் கைவிட்ட பிறகும் காசில் மட்டும் அது நீடித்தது. பழமைப் பற்று என்பார்கள். முத்திரை மாறினால் வாங்குகிறவன் உரசிப் பார்ப்பான் என்ற வியாபாரக் கணக்கு என்றே எனக்குப் படுகிறது.

எடையிலும் அந்தச் சாமர்த்தியம் உண்டு. சுமார் 8.6 கிராம்: ஏதென்ஸ் கணக்கில் இரண்டு டிராக்மா, கொரிந்துக் கணக்கில் மூன்று. இரண்டு சந்தையிலும் செல்லும்.

லூகாஸ், அம்பிராக்கியா போன்ற குடியேற்ற ஊர்களும் இதே குதிரையை அடித்தன. வயிற்றடி எழுத்து மட்டும் வேறு. தெற்கு இத்தாலிக்குப் போன காசுகளுக்குத்தான் கெட்ட காலம். அங்கிருந்த மெட்டபொன்டத்துக்காரர்கள் கொரிந்துக் காசின் மேலேயே தங்கள் பார்லிக் கதிரை அடித்தார்கள். அடி சரியாக விழாத சில காசுகளில் கதிருக்குப் பக்கத்தில் பழைய முத்திரையின் தடம் இன்னும் தெரிகிறது.

சிசிலியில் கதையே வேறு. கொடுங்கோலர்களிடம் சிக்கிய சிராக்கூஸ், தன் தாய்நகரான கொரிந்தின் உதவியைக் கேட்டது. கி.மு. 344இல் கொரிந்துத் தளபதி டிமோலியோன் பத்துக் கப்பல்களோடு போனார். அவர் காலத்திலும் அதையடுத்தும் சிறகுக் குதிரைகள் அந்தத் தீவில் வந்து குவிந்தன. சிசிலியில் தோண்டியெடுத்த புதையல்களில் கொத்துக் கொத்தாகக் கிடைப்பவை இவைதான். சிராக்கூஸும் தன் பெயரைப் பொறித்து அதே குதிரையை அடித்துக்கொண்டது.

கி.மு. 146இல் ரோமானியர் கொரிந்தை அழித்தார்கள். கி.மு. 44இல் சீசர் அங்கே ரோமக் குடியேற்றம் அமைத்தார். வந்தவர்கள் வெண்கலக் காசு அடித்தார்கள், எழுத்து லத்தீன். குதிரையை மட்டும் மாற்றவில்லை.