இரும்பு எரியாது என்ற நம்பிக்கை

பெங்களூரு வெளிவட்டச் சாலையில் எழும்பிக்கொண்டிருக்கும் ஓர் அலுவலகக் கட்டடத்தின் எஃகுத் தூண்களுக்கு வெள்ளைப் பூச்சு அடிப்பதைச் சில வாரங்களுக்கு முன் பார்த்துக்கொண்டு நின்றேன். துருப்பிடிக்காமல் இருக்க அடிக்கிறார்கள் என்றார் உடன் வந்த மாணவர். துருவுக்கான அடிப்பூச்சு அதன் கீழே ஏற்கெனவே இருந்தது. மேலே அடித்துக்கொண்டிருந்தது தீக்கானது. கட்டுமான வட்டாரத்தில் அதை ‘இன்ட்யூமசென்ட் பெயின்ட்’ என்றே சொல்கிறார்கள். தமிழில் ‘தீத்தடுப்புப் பூச்சு’ என்று எழுதுவதுண்டு. அது பிழையான பெயர் என்பது என் எண்ணம். அப்பூச்சு தீயைத் தடுப்பதில்லை. தீயின் நடுவே நிற்கும் எஃகு சூடேறுவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. ‘தீத்தாங்கு பூச்சு’ என்றால் பொருந்தும். பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இந்தப் பெயர்க்குழப்பத்துக்கு இருநூறு ஆண்டு வயது. அதன் ஒரு கிளை மைசூர் சமஸ்தானத்தின் ஊடாகவும் ஓடியிருக்கிறது.

1897 பிப்ரவரியில் மைசூர் அரண்மனை எரிந்தது. பத்தாம் சாமராஜ உடையாரின் மூத்த மகள் ஜயலட்சம்மண்ணியின் திருமணக் காலம் அது. பழைய அரண்மனை பெரும்பாலும் மரத்தாலானது. மன்னர் 1894 இறுதியிலேயே காலமாகிவிட்டார், இளவரசர் சிறுவர், ஆட்சி அரசப் பிரதிநிதியாக இருந்த மகாராணி கெம்பநஞ்சம்மண்ணியின் கையில். புதிய அரண்மனையை வடிவமைக்க அவர் அமர்த்திய ஹென்றி இர்வின் தமிழ் வாசகருக்கு அந்நியரல்லர்: சென்னை உயர்நீதிமன்றக் கட்டடத்திலும் கன்னிமாரா நூலகத்திலும் அவர் கை உண்டு. 1912இல் பணி முடிந்தபோது ஆன செலவு ஏறத்தாழ நாற்பத்தொன்றரை லட்சம் ரூபாய். மரம் இருந்த இடத்தைக் கல்லும் செங்கல்லும் இரும்பும் எடுத்துக்கொண்டன. கல்யாண மண்டபத்தின் வார்ப்பிரும்புத் தூண்கள் கிளாஸ்கோ நகரிலிருந்து வந்தவை.

கிளாஸ்கோ இரும்பு இந்நாட்டுக்குப் புதிதன்று. பெங்களூரு லால்பாக்கின் கண்ணாடி மாளிகைக்கு 1889இல் இளவரசர் ஆல்பர்ட் விக்டர் அடிக்கல் நாட்டினார். (சில குறிப்புகளில் 1898 என்று அச்சாகியிருக்கிறது. இளவரசர் 1892 ஜனவரியிலேயே இறந்துவிட்டார். இலக்கம் இடம் மாறிய பிழை, தலைமுறை தலைமுறையாகப் படியெடுக்கப்படுகிறது.) அதற்கு முன்மாதிரி லண்டனின் படிக அரண்மனை. இரும்பும் கண்ணாடியுமாக நின்ற அந்த மூலக் கட்டடம் 1936 நவம்பர் 30 அன்று ஒரே இரவில் எரிந்து விழுந்தது. எரிந்தவை தரைப்பலகைகளும் உள்ளிருந்த பொருட்களும். விழுந்தது இரும்பு.

இந்த வேறுபாட்டை அறிந்தவர்கள் முன்பே இருந்தார்கள். 1797இல் ஆங்கிலேயர் ஷ்ரூஸ்பரிக்கருகே வார்ப்பிரும்புச் சட்டகத்தில் ஆளி நூற்பாலை கட்டியதிலிருந்து ‘தீப்பிடிக்காத கட்டடம்’ என்ற சொல் ஆலை முதலாளிகளிடையே பரவியது. லண்டன் தீயணைப்புப் படைத் தலைவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட் 1849இல் பொறியாளர் கழகத்தில் அதை மறுத்துக் கட்டுரை வாசித்தார். பழுக்கக் காய்ந்த வார்ப்பிரும்பின்மேல் தண்ணீர் பட்டால் வெடித்துவிடும். எச்சரிக்கை ஏதுமின்றித் தளம் சரியும். உள்ளே போன வீரர் திரும்பமாட்டார் என்பது அவர் கவலை. 1861இல் டூலி தெருத் தீயில் சுவர் இடிந்து விழுந்து அவரே மாண்டார். பத்தாண்டுகளில் சிகாகோ எரிந்தது. அதன் பிறகே இரும்பை வெறுமனே விடாமல் சுட்ட களிமண் ஓடுகளால் போர்த்தும் வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியது.

எஃகு உருக ஏறத்தாழ 1500 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆனால் 550 டிகிரி அளவிலேயே அது தன் வலிமையில் பாதிக்கு அருகில் இழந்துவிடுகிறது. ஆய்வுக்கூடங்கள் கையாளும் ஐஎஸ்ஓ 834 தரத்தின்படி உலையின் வெப்பம் ஐந்தாம் நிமிடத்திலேயே 570ஐத் தாண்டும், அரைமணியில் 840. மெல்லிய எஃகு உறுப்புக்குக் கால்மணி நேரம் கிடைத்தாலே அரிது. இங்கேதான் பூச்சின் வேலை. ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள படலம் இருநூறு டிகிரிக்கு மேல் நுரைத்துப் பல மடங்கு பருத்துக் கரிப்போர்வையாகிறது. அதில் அமிலம் தருவது அமோனியம் பாலிபாஸ்பேட். கரி தருவது பென்டாஎரித்ரிட்டால். ஊதிப் பெருக்கும் வாயு மெலமினிலிருந்து. அமோனியம் பாஸ்பேட்டின் இந்த இயல்பு பழைய செய்தி: பதினெட்டாம் லூயி மன்னருக்காக நாடகக் கொட்டகைத் துணிகளைத் தீயிலிருந்து காக்க வழிதேடிய கே-லுசாக் அதை 1821இலேயே எழுதிவிட்டார். துணியிலிருந்து தூணுக்கு வர ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. இந்தியாவில் எஃகுக் கட்டுமானத்துக்கான ஐஎஸ் 800 தரநிர்ணயம் 2007ஆம் ஆண்டுத் திருத்தத்தில் தீத்தாங்கு திறனுக்கென ஒரு தனிப் பிரிவையே கொண்டிருக்கிறது.

மைசூர்த் தூண்களின்மேல் இத்தகைய போர்வை ஏதுமில்லை; இருப்பது அழகுக்கான வண்ணம். அங்கே பாதுகாப்பு, எரிவதற்கு மரம் குறைந்துபோனதில் இருக்கிறது. இர்வினைக் குறைசொல்ல நான் இதை எழுதவில்லை. அரண்மனைக்குப் பொருத்தமான விடைதான் அது. அங்கே காக்கப்பட வேண்டியது கட்டடம்.

2010 பிப்ரவரி 23 அன்று பெங்களூரு பழைய விமான நிலையச் சாலையில் கார்ல்டன் டவர்ஸ் கட்டடத்தில் தீப்பிடித்தது. மின்வடங்கள் செல்லும் செங்குத்துக் குழல்வழியே புகை மேல்தளங்களுக்கு ஏறியது. ஒன்பது பேர் இறந்தார்கள். மூச்சுமுட்டி ஜன்னல் வழியே குதித்தவர்களும் அவர்களில் உண்டு. தூண்களுக்கு ஒன்றும் நேரவில்லை. கட்டடம் நின்றது.

தீத்தாங்கு பூச்சைப் பற்றிய ஆய்வேடுகளை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நாளே நினைவுக்கு வருகிறது. உலையில் வைத்துச் சோதிக்கும்போது கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: இந்த உறுப்பு எத்தனை நிமிடம் சுமை தாங்கும்? அறுபது, தொண்ணூறு, நூற்றிருபது என விடை வரும். அந்த நிமிடங்கள் யாருக்காக என்ற கேள்வி உலையில் இல்லை. தளங்களினூடே செல்லும் குழல்வழிகளின் இடைவெளியை அடைப்பதும் படிக்கட்டில் புகை நுழையாமல் காப்பதும் பூச்சைவிட மலிவான வேலைகள். கண்ணுக்குப் புலப்படாதவை என்பதால் ஒப்பந்தங்களில் எளிதில் நழுவுபவையும்கூட. கார்ல்டனில் மகனை இழந்த தந்தை ஒருவர் தொடங்கிய ‘பியாண்ட் கார்ல்டன்’ அமைப்பு அன்றிலிருந்து இதைத்தான் சொல்லிவருகிறது.

நான் பார்த்த கட்டடத்தில் தூண்களுக்குப் பூச்சு முடிந்துவிட்டது. மூன்றாம் தளத்தில் வடங்கள் ஏறும் துளை அன்று திறந்தே கிடந்தது. வேலை இன்னும் முடியவில்லை என்றார் மேற்பார்வையாளர். உண்மையாகவும் இருக்கலாம். அடுத்த மாதம் போய்ப் பார்ப்பதாக மாணவர் சொல்லியிருக்கிறார்.