ஓர் ஆசனத்தின் வரலாறு: திருகோணமலையும் இரா. சம்பந்தனின் தேர்தல்களும்

இராஜவரோதயம் சம்பந்தன் 1977 முதல் 2020 வரை திருகோணமலையில் ஒன்பது பொதுத் தேர்தல்களில் போட்டியிட்டார். ஆறில் வென்றார், மூன்றில் தோற்றார். தோற்றவை 1989, 1994, 2000 என்று அடுத்தடுத்து வந்த மூன்று தேர்தல்கள். கட்சித் தலைவர், எதிர்க்கட்சித் தலைவர், இந்தியாவோடும் மேற்கு நாடுகளோடும் பேசிய தமிழ்ப் பிரதிநிதி என்ற நிலைகளில் அவரைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. இடையில் நேர்ந்த அந்த மூன்று தேர்தல் தோல்விகள் போதிய கவனம் பெறவில்லை. அவரது பேச்சுவன்மையோ சட்ட அறிவோ 1989இல் மங்கி 2001இல் திரும்பியிருக்க முடியாது. ஆகவே அவரது வெற்றி தோல்விகளுக்கான விளக்கத்தைத் தனிமனித ஆளுமையைக் காட்டிலும் அந்த ஆசனத்தின் அமைப்பிலேயே தேட வேண்டும் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

1947இல் திருகோணமலை மாவட்டத்துக்கு இரண்டு தொகுதிகள் இருந்தன: திருகோணமலை, மூதூர். முதலாவதைத் தமிழ்க் காங்கிரஸின் எஸ். சிவபாலன் வென்றார். 1952இல் அது என். ஆர். இராஜவரோதயம் மூலம் தமிழரசுக் கட்சியின் கைக்கு வந்தது. (சம்பந்தனின் தந்தை பெயரும் இராஜவரோதயம் என்பதால் இருவரையும் ஒருவராகக் கொள்ளும் தவறு சில எழுத்துகளில் காணப்படுகிறது. தந்தை, கல்லோயா அபிவிருத்திச் சபையில் பணியாற்றிய ஏ. இராஜவரோதயம்.) 1952இல் தமிழரசுக் கட்சி வென்ற ஆசனங்கள் இரண்டே. ஒன்று கோப்பாய், மற்றது திருகோணமலை. கட்சியின் நிறுவனர் செல்வநாயகமே காங்கேசன்துறையில் தோற்ற தேர்தல் அது. யாழ்ப்பாணம் முழுமையாக ஏற்கும் முன்பே சமஷ்டிக் கோரிக்கைக்குக் கிழக்கின் துறைமுக நகரம் வாக்களித்திருந்தது. 1956 ஓகஸ்டில் கட்சி தனது மாநாட்டை இங்கே நடத்தியதும், பல திசைகளிலிருந்தும் தொண்டர்கள் கால்நடையாக இங்கு வந்து சேர்ந்ததும் இந்தப் பின்னணியில் நிகழ்ந்தவை. சட்டத்தரணியாவதற்குப் படித்துக்கொண்டிருந்த சம்பந்தன் கட்சியில் சேர்ந்ததும் அக்காலத்திலேயே.

என். ஆர். இராஜவரோதயம் நான்கு தேர்தல்களில் தொடர்ந்து வென்றார். 1963இல் அவர் காலமான பின் நடந்த இடைத்தேர்தலிலும் 1965இலும் எஸ். எம். மாணிக்கராசா வென்றார். 1970இல் பா. நேமிநாதன் வந்தார். ஆட்கள் மாறினாலும் கட்சி மாறவில்லை. மூதூர் 1960 முதல் இரட்டை அங்கத்தவர் தொகுதியாக இருந்தது. 1970இல் அங்கே ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் ஏ. எல். அப்துல் மஜீதும் தமிழரசுக் கட்சியின் அ. தங்கத்துரையும் தெரிவாகினர். ஆக, மாவட்டத்தின் மூன்று உறுப்பினர்களில் இருவர் தமிழர், ஒருவர் முஸ்லிம்.

அந்தக் கணக்கை மாற்றியது 1976ஆம் ஆண்டின் தொகுதி நிர்ணயம். அதன் வேர் நிலத்தில் இருந்தது. கந்தளாய், அல்லை, முதலிக்குளம் ஆகிய இடங்களில் அரசு நடத்திய குடியேற்றத் திட்டங்களால் மாவட்டத்தின் குடிசனப் பரம்பல் முப்பது ஆண்டுகளில் உருமாறியது. 1946இல் மாவட்ட மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் சிங்களவர், 1981இல் மூன்றில் ஒருவர். புதிய நிர்ணயம் மூதூரை ஒற்றை அங்கத்தவர் தொகுதியாக்கி, கந்தளாயை உள்ளடக்கிய சேருவில என்ற தொகுதியை உருவாக்கியது. 1977 ஜூலைத் தேர்தலில் திருகோணமலையில், தமிழரசுக் கட்சி அங்கம் வகித்த தமிழர் விடுதலைக் கூட்டணியின் சம்பந்தனும், மூதூரில் ஐக்கிய தேசியக் கட்சியின் எம். ஈ. எச். மஹ்ரூபும், சேருவிலவில் அதே கட்சியின் எச். டி. எல். லீலாரத்னவும் வென்றனர். இரண்டாக இருந்த தமிழ் உறுப்பினர் எண்ணிக்கை ஒன்றாகியது. தனித் தமிழ் ஈழம் கோரிய வட்டுக்கோட்டைத் தீர்மானத்துக்கு மக்கள் ஆணை கேட்ட அந்தத் தேர்தலில் கூட்டணி 18 ஆசனங்களை வென்றது. அந்த வெற்றியின் ஆரவாரத்தில் திருகோணமலையில் நேர்ந்த இழப்பு அதிகம் பேசப்படவில்லை.

1983 கலவரத்தின் பின் நிறைவேறிய அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் பிரிவினையைக் கைவிடும் சத்தியத்தைக் கோரியது. கூட்டணி உறுப்பினர்கள் சபைக்குச் செல்வதைத் தவிர்த்தனர். சம்பந்தன் 1983 செப்டெம்பரில் ஆசனத்தை இழந்தார். அவர் மீண்டும் வாக்காளர் முன் நின்றபோது விதிகளே மாறியிருந்தன. தொகுதி முறை போய் விகிதாசார முறை வந்திருந்தது. மாவட்டத்துக்கு நான்கு ஆசனங்கள். அதிக வாக்குப் பெறும் கட்சிக்கு அவற்றில் ஒன்று போனஸாகச் செல்லும். எஞ்சிய மூன்றே வாக்கு விகிதப்படி பகிரப்படும். 5 வீத வெட்டுப்புள்ளிக்குக் கீழே நிற்கும் கட்சிக்கு எதுவுமில்லை. கட்சிக்குக் கிடைக்கும் ஆசனத்தில் யார் அமர்வது என்பதை விருப்பு வாக்கு தீர்மானிக்கும்.

இந்த அமைப்பில் ஒரு சமூகத்தின் வாக்கு பிரிவது எத்தகைய விளைவைத் தரும் என்பதே நம் விசாரணையின் மையம். 2000இல் ஒன்பது ஆசனங்கள் கொண்டிருந்த யாழ்ப்பாணத்தில் தமிழ் வாக்கு மூன்றாகப் பிரிந்தாலும் மூவரும் ஏதாவது பெறுவர். மூன்று சமூகங்களும் ஏறக்குறைய சமபலத்தில் வாழ்ந்த நான்கு ஆசன மாவட்டத்தில் அதே பிரிவு முழு இழப்பாக முடியலாம். 1989இல் ஈ.பி.ஆர்.எல்.எப்., ரெலோ, ஈ.என்.டி.எல்.எப். ஆகிய இயக்கங்களோடு சேர்ந்து கூட்டணி போட்டியிட்டது. தமிழ் வாக்கின் பெரும்பகுதி ஈரோஸ் ஆதரவுச் சுயேச்சைக் குழுவின் பக்கம் சென்றது. கூட்டணிப் பட்டியல் திருகோணமலையில் ஓர் ஆசனமும் பெறவில்லை. 1994இல் ஓர் ஆசனம் கிடைத்தது. ஆனால் விருப்பு வாக்கில் தங்கத்துரை முதலாவதாகவும் சம்பந்தன் இரண்டாவதாகவும் வந்தனர்.

1997 ஜூலை 5ஆம் திகதி ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரியில் நடந்த தாக்குதலில் தங்கத்துரை கொல்லப்பட்டார். அப்பழி விடுதலைப் புலிகள் மீது சுமத்தப்பட்டது. அதே மாதம் 20ஆம் திகதி மஹ்ரூபும் கொல்லப்பட்டார். ஒரே மாதத்தில் ஒரு தமிழரையும் ஒரு முஸ்லிமையும் அந்த மாவட்டம் பறிகொடுத்தது. தமது மக்களிடையே நின்று பணியாற்றிய இருவரின் சாவும் ஈடுசெய்ய முடியாதது. பட்டியலில் அடுத்தவர் என்ற முறையில் தங்கத்துரையின் இடத்துக்கு வந்தார் சம்பந்தன். பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் நாடாளுமன்றம் திரும்பிய அவர், 2000 தேர்தலில் மீண்டும் தோற்றார். அந்த ஆண்டு கூட்டணி, ரெலோ, தமிழ்க் காங்கிரஸ் எல்லாம் தனித்தனியாக நின்றன. திருகோணமலையில் கூட்டணிக்கு ஆசனமே கிடைக்கவில்லை.

அடுத்த ஆண்டு ஒக்ரோபரில் இந்த மூன்று கட்சிகளும் ஈ.பி.ஆர்.எல்.எப்.உம் சேர்ந்து தமிழ்த் தேசியக் கூட்டமைப்பை அமைத்தன. தலைமை சம்பந்தனிடம் வந்தது. போர்க்காலச் சூழலும் புலிகளின் விருப்பமும் இதற்குப் பின்னால் இருந்தன என்பது மறுக்க முடியாதது. ஆனால் கூட்டமைப்பின் தேவையைத் தன் தோல்விகளாலேயே அறிந்திருந்தவர் சம்பந்தன் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தமிழ் ஒற்றுமை அவருக்குக் கொள்கை மட்டுமல்ல, தன் மாவட்டத்தில் ஒரு தமிழர் தெரிவாவதற்கான நிபந்தனையுமாகும்.

2001இல் அவர் வென்றார். 2004 முடிவு இன்னும் துலக்கமானது. கூட்டணியின் பெயரும் உதயசூரியன் சின்னமும் கூட்டணித் தலைவர் ஆனந்தசங்கரியோடு ஏற்பட்ட பிணக்கில் சிக்கியதால், கூட்டமைப்பு தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில் நின்றது. அதற்கு 68,955 வாக்குகள், ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸுக்கு 65,187. இடைவெளி 3,768 வாக்குகளே. அந்த இடைவெளிதான் போனஸ் ஆசனத்தைத் தமிழர் பக்கம் திருப்பியது. கூட்டமைப்பிலிருந்து சம்பந்தனும் க. துரைரெட்ணசிங்கமும் சபைக்குச் சென்றனர். சம்பந்தனின் விருப்பு வாக்கு 47,735. வடக்கு கிழக்கில் நடந்த முறைகேடுகளை ஐரோப்பிய ஒன்றியக் கண்காணிப்பாளர்கள் அப்போது கண்டித்திருந்தனர். ஆகவே அத்தேர்தலின் எண்களை மக்கள் விருப்பத்தின் தூய அளவாகக் கொள்ளலாகாது. ஆனாலும் வாக்கு ஒன்றுசேர்ந்தால் இம்மாவட்டத்தில் என்ன நிகழும் என்பதை அவை காட்டுகின்றன.

போர் அந்த வாக்குத்தளத்தையே சிதைத்தது. 2006இல் சம்பூரும் அதைச் சூழ்ந்த ஊர்களும் வெறுமையாயின. மக்கள் ஆண்டுக்கணக்கில் முகாம்களில் இருந்தனர். அதே ஆண்டு ஒக்ரோபரில் வடக்கு கிழக்கு இணைப்புச் செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2010இல் கூட்டமைப்பு பெற்றது 33,268 வாக்குகள், ஆறு ஆண்டுகளுக்கு முன் பெற்றதில் பாதிக்கும் குறைவு. கூட்டமைப்பிலிருந்து பிரிந்த தமிழ்த் தேசிய மக்கள் முன்னணி தனித்து நின்றது. இம்முறை கிடைத்த ஓர் ஆசனம் முழு வாக்கு விகிதத்தால் வந்ததன்று, பெரிய மீதி வாக்கு வைத்திருந்ததால் வந்தது. 2015இல் 45,894, 2020இல் 39,570 என்ற நிலையிலும் அப்படியே.

இந்த மெல்லிய ஆசனத்தில் நின்றுதான் அவர் 2015 செப்டெம்பர் 3ஆம் திகதி எதிர்க்கட்சித் தலைவரானார். அமிர்தலிங்கத்துக்குப் பின் அப்பதவியை வகித்த முதல் தமிழர் அவர். சம்பூரில் 818 ஏக்கர் காணி விடுவிக்கப்பட்டு மக்கள் மீளக் குடியேறியதும் அக்காலத்திலேயே. அரசியலமைப்பு மாற்ற முயற்சி பலன் தரவில்லை. 2018 டிசம்பரில் பதவி மகிந்த ராஜபக்சவிடம் போனது. 2020இல், 87 வயதில், 21,422 விருப்பு வாக்குகளோடு சம்பந்தன் தன் கடைசித் தேர்தலை வென்றார். முதுமையும் நோயும் அவரைச் சபைக்கு வரவிடாத நாள்கள் அதிகம். அவர் விலகியிருக்க வேண்டுமென்ற விமர்சனம் நியாயமானதே. தனக்கு அடுத்தவரை உரிய காலத்தில் வளர்க்கவில்லை என்பது அவர் மீதான இன்னும் பெரிய குறை.

2024 ஜூன் 30இல் அவர் காலமானார். சண்முகம் குகதாசன் அவரது இடத்தை நிரப்பினார். அந்த நவம்பரில் நடந்த பொதுத் தேர்தலில் கூட்டமைப்பு சிதறி, தமிழ்க் கட்சிகள் பிற மாவட்டங்களில் தனித்தனியே மோதின. யாழ்ப்பாணத்தில் ஆறு ஆசனங்களில் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி எடுத்தது. எஞ்சிய மூன்றும் மூன்று தமிழ்த் தரப்புகளுக்குப் போயின. திருகோணமலையில் மட்டும் தமிழரசுக் கட்சியும் ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணியும் ஒரே பட்டியலில், வீட்டுச் சின்னத்தில் நின்றன. 34,168 வாக்குகள் கிடைத்தன. மீதி வாக்குக் கணக்கில் ஓர் ஆசனம் தங்கியது, குகதாசன் தெரிவானார்.