விற்கப்பட்ட சிறுவன்

மல்லாங்கிணற்றில் எங்கள் வீட்டுச் சிறுவர்களுக்கென வாங்கிய ‘ராபின்சன் குருசோ’ சுருக்கப் பதிப்பை, ஐம்பது வயதைக் கடந்த பின்னரே முதன்முறையாகப் படித்தேன். 1719இல் டேனியல் டிபோ எழுதிய இக்கதை, நம் இப்னு துஃபைலின் ‘ஹய் இப்னு யக்ளான்’ நூலின் நகலே என மேடைகளில் முழங்கியவர்களுள் நானும் ஒருவன். படியாமலே முழங்கினேன்!

காலம் பொருந்தத்தான் செய்கிறது. கலீஃபா அபூ யஃகூப் யூஸுஃபின் மருத்துவராயிருந்த இப்னு துஃபைல் 1185இல் மறைந்தார். அவர்தம் அறபு நூல் 1671இல் லத்தீனிலும், 1708இல் சைமன் ஆக்லியால் ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டது. ஆயினும், செல்கிர்க் என்னும் மாலுமி தனித்தீவில் நான்காண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 1709இல் மீட்கப்பட்ட செய்தியும் அந்நாளில் இங்கிலாந்தில் பரவியிருந்ததே! ஆண்டுகள் அடுத்தடுத்து நிற்பது களவுக்குச் சான்றாகாது.

ஐயம் தீர அகராதித் துணையுடன் ஆங்கில மூலத்தைப் படித்தபோது, சுருக்கப் பதிப்பில் இல்லாத ஒருவனைக் கண்டேன். அவன் ஸூரி என்னும் முஸ்லிம் சிறுவன். மொராக்கோவின் ஸலா துறைமுகத்தில் அடிமைப்பட்டிருந்த ராபின்சன், படகில் தப்பும்போது அவனிடம் நபிகளார் பெயரால் சத்தியம் வாங்குகிறான். பின்னர் ஆப்பிரிக்கக் கரையில் தண்ணீர் எடுக்க இறங்குகையில், காட்டு மனிதர் வந்தால் தன்னைத் தின்னட்டும், நீர் தப்பிச் செல்லும் என்கிறான் அப்பிள்ளை. அவனைத்தான் போர்த்துக்கீசியக் கப்பல் தலைவனிடம் 60 வெள்ளிக் காசுக்கு ராபின்சன் கொடுத்துவிடுகிறான். கிறித்தவனானால் பத்தாண்டில் விடுதலை என்பது ஒப்பந்தம். முதலில் தயங்கியவன், இதைக் கேட்டதும் இசைந்துவிடுகிறான்.

விடியுமுன் தீப்பெட்டி ஆலை வண்டிகள் சிறாரை ஏற்றிச் சென்ற காலத்தைக் கண்ட எங்கள் விருதுநகர் வட்டாரத்தானுக்கு, இப்பக்கத்தை எளிதில் புரட்டிவிட இயலவில்லை.

ஹய்யின் தீவுக்கு அப்ஸால் வருகிறார். பொருள்களைக் காட்டிப் பெயர் சொல்லி மொழி கற்பிக்கிறார். இருவரும் தோழராகி இறைவணக்கத்தில் ஒன்றுகின்றனர். ராபின்சனோ தான் காப்பாற்றியவனுக்கு ‘வெள்ளிக்கிழமை’ எனப் பெயரிட்டு, தன்னை ‘எசமான்’ என்றழைக்கக் கற்பிக்கிறான். இரு நூல்களுக்கும் தீவு பொதுவாயிருக்கலாம். அதில் வாழ்ந்த மனம் பொதுவன்று. நகல் என்று சொல்லி இப்னு துஃபைலுக்கு நாம் என்ன பெருமை சேர்த்தோம்?

விடுபட்ட பகுதியைச் சிறுவர்களுக்கு வாய்மொழியாகச் சொன்னேன். “ஸூரி அப்புறம் என்ன ஆனான், அத்தா?” என்றான் இளையவன். நூலில் அவன் மீண்டும் வருவதில்லை. பிரேசில் தோட்டத்தில் வேலைக்கு ஆள் போதாதபோது மட்டும், அவனை விட்டது தவறென்று ராபின்சன் நினைத்துக்கொள்கிறான்.