நுரைத்த நீரிலிருந்து மருந்து வரை: பச்சிளங்குழந்தையின் மூச்சுக்கு ஒரு வரலாறு

1963 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான் கென்னடிக்கு, ஐந்தரை வாரம் முன்னதாகவே, ஒரு மகன் பிறந்தான். பேட்ரிக் எனப் பெயரிடப்பட்ட அக்குழந்தை மூச்சுத்திணறலால் ஆகஸ்ட் 9 அன்று இறந்தது. பெங்களூரில் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். அதன் மருத்துவமனை இன்று ஈஜிபுராவுக்கு அண்மையில் உள்ளது. அன்று அதிகார பீடத்தின் உச்சியில் இருந்த குடும்பத்துக்கும் எட்டாத மருந்து, இன்று அந்நகரின் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்குப் பழக்கமான ஒன்று.

அம்மருந்தின் பெயர் சர்ஃபாக்டன்ட். நுரையீரலின் காற்று நுண்ணறைகளை ஈரப்படலம் ஒன்று பூசியிருக்கிறது. அதன் பரப்பு இழுவிசை அறைகளைச் சுருக்க முயல்கிறது. அறை சிறிதாகச் சிறிதாக அச்சுருக்கம் வலுக்கிறது. கொழுப்பும் புரதமும் கலந்த சர்ஃபாக்டன்ட் அவ்விசையைத் தணிப்பதால், மூச்சை வெளிவிட்ட பின்னும் அறைகள் மூடிக்கொள்வதில்லை. குறைமாதக் குழந்தையிடம் அது போதிய அளவு சுரந்திருக்காது.

பரப்பு இழுவிசையின் பங்கை 1929இலேயே குர்ட் வான் நீர்கார்ட் காட்டினார். ஆயினும் கால் நூற்றாண்டுக்கு அதைப் பொருட்படுத்தியவர் அரிது. 1955இல் ரிச்சர்ட் பேட்டில் நுரையீரல் நுரையின் குமிழிகள் உடையாமல் நிற்பதைக் கவனித்தார். 1957இல் ஜான் கிளெமென்ட்ஸ் அவ்விசையை அளந்தார். 1959இல் மேரி எலன் ஏவரியும் ஜியர் மீடும், மூச்சுத்திணறி இறந்த குழந்தைகளின் நுரையீரலில் அப்பொருள் குறைந்திருப்பதை நிறுவினர். ஆக, பேட்ரிக் இறந்தபோது காரணம் தெரிந்திருந்தது, மருந்துதான் இல்லை. 1960களில் கொழுப்பை மட்டும் ஆவியாகச் செலுத்திய முயற்சிகள் பயன் தரவில்லை. 1980இல் ஜப்பானின் டெட்சுரோ புஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சாற்றைப் பத்துக் குழந்தைகளின் மூச்சுக்குழாயில் நேரடியாகச் செலுத்தி வெற்றி கண்டார்.

இதய அறுவைக்கு உட்பட்ட குழந்தையின் நிலை வேறு. உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ எட்டு அல்லது ஒன்பது பேருக்குப் பிறவி இதயக்குறை உண்டு. அறுவையின்போது இரத்தம் இதய-நுரையீரல் இயந்திரத்தின் குழாய்களைத் தொட்டுச் செல்வது அழற்சியைத் தூண்டுகிறது. இரத்தப் புரதங்கள் நுண்ணறைகளுக்குள் கசிந்து சர்ஃபாக்டன்டைச் செயலிழக்கச் செய்கின்றன. குறைமாதக் குழந்தையிடம் இருப்பது பற்றாக்குறை. இங்கே நிகழ்வது சிதைவு. வெளியிலிருந்து செலுத்தும் மருந்தையும் அதே கசிவு முடக்கக்கூடும். சிறிய ஆய்வுகள் ஆக்சிஜன் ஏற்பு மேம்படுவதைக் காட்டியபோதிலும், இது இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. ஒரு நோயில் நிறுவப்பட்ட பயனை மற்றொன்றின் மீது அப்படியே ஏற்றிவிட முடியாது என்பதே இவ்வரலாறு தரும் எச்சரிக்கை.

மருந்தின் மூலமும் விலையும் இன்னொரு கேள்வி. புகழ்பெற்ற தயாரிப்புகள் மாடு அல்லது பன்றியின் நுரையீரலிலிருந்து வருபவை. இந்தியாவில் எளிதில் கிடைக்கும் ஆட்டு நுரையீரலிலிருந்து மலிவாக எடுக்கும் முயற்சியில் தில்லி எய்ம்ஸ் ஆய்வாளர்கள் ஈடுபட்டது இதனால்தான். ஈஜிபுராவில் நலிந்த பிரிவினருக்கான குடியிருப்பு 2013 ஜனவரியில் இடிக்கப்பட்டு, அங்கிருந்த குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அத்தகைய குடும்பங்களுக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவு எத்தனை அருகில் இருந்தாலும், அதன் செலவு எட்டாத் தொலைவில் நிற்கலாம். 1963இல் குறுக்கே நின்றது மருந்தின்மை; இன்று நிற்பது பெரும்பாலும் விலை.